பயிற்சி நடத்த அரசு நிதி: மனு வேறு, விண்ணப்பம் வேறு

கேள்வி: திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக அறக்கட்டளை நடத்துகிறோம். மாலை நேரப் பாட வகுப்பும் கணினி வகுப்பும் நன்கொடையில் ஓடுகின்றன. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி கொடுக்க அரசு நிதி கேட்டு, 42 பக்கத் திட்ட அறிக்கை தயாரித்து ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தோம். 25 லட்சம் ரூபாய் கேட்டிருந்தோம். எட்டு மாதமாகப் பதில் இல்லை. சென்னையில் ஒருவர், 10 சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார். யாரிடம், எப்படி விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: அந்த 10 சதவீதக்காரரின் நம்பரை முதலில் அழித்துவிடுங்கள். அவரால் வாங்கித் தர முடியாது. வாங்கித் தந்தாலும், கொடுத்த பணத்தைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? தணிக்கையில் மாட்டப்போவது நீங்கள்தான், அவர் இல்லை.

ஆட்சியரிடம் நீங்கள் கொடுத்தது மனு. பட்டா, முதியோர் உதவித்தொகை போன்றவற்றுக்கு மனு சரி. பயிற்சி நடத்தும் நிதி அந்த வழியில் வராது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமோ, மாநில ஊரக வாழ்வாதார இயக்கமோ, டெல்லியில் உள்ள திறன் மேம்பாட்டு அமைச்சகமோ, 'இந்தத் திட்டத்தில் பயிற்சி நிறுவனங்கள் தேவை, இன்ன தகுதி, இன்ன தேதிக்குள்' என்று அறிவிப்பு வெளியிடும். அதற்குப் பதிலாகப் போவதுதான் விண்ணப்பம். அறிவிப்பு இல்லாத நேரத்தில் எவ்வளவு நல்ல அறிக்கை கொடுத்தாலும், எந்தக் கோப்பில் வைப்பது என்று அங்கிருப்பவருக்கே தெரியாது. உங்கள் 42 பக்கத்துக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 25 லட்சம் 'கேட்டோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் திட்டங்கள் பெரும்பாலானவற்றில் தொகையை நீங்கள் கேட்பதே இல்லை. ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று அரசே விலை வைத்திருக்கிறது. எத்தனை பேருக்கு, எந்த வேலைக்கு, எத்தனை மணி நேரம் என்று மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள். அந்தப் பணமும் மொத்தமாக வராது, வேலை முடிய முடியத்தான் வரும். சின்ன அறக்கட்டளைகள் கால் வழுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2015 ஜூலையில் மத்திய அரசு திறன் பயிற்சித் திட்டங்களுக்கெல்லாம் பொது விதிமுறை ஒன்று கொண்டுவந்தது. தொழில்களை மூன்று வகையாகப் பிரித்து, மணிக்கு 38.50, 33, 27.50 ரூபாய் என்று அடிப்படை விலை வைத்தது. பின்னால் இந்த விலை ஏறியிருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் அறிவிப்பில் உள்ள விலைதான் கணக்கு. முறை புரிவதற்காகப் பழைய எண்ணை வைத்தே போட்டுப் பார்ப்போம். மூன்றாம் வகைத் தொழில், 300 மணி நேரம், 30 பேர் கொண்ட ஒரு பேட்ச். ஒருவருக்கு 8,250 ரூபாய், 30 பேருக்கு 2,47,500 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது.

அது கைக்கு வரும் விதத்தைப் பாருங்கள். வகுப்பு தொடங்கி, மாணவர் விவரங்கள் சரிபார்க்கப்பட்டதும் 30 சதவீதம், அதாவது 74,250 ரூபாய். தேர்வு நடந்து சான்றிதழ் வந்ததும் 50 சதவீதம். கடைசி 20 சதவீதம் வேலையில் சேர்த்துக் காட்டிய பிறகு. நாளைக்கு ஆறு மணி நேரம் என்றாலும் 300 மணி நேரத்துக்கு 50 வேலை நாள், இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். பயிற்றுநர் சம்பளம், ஆள் சேர்ப்பவர் சம்பளம், வாடகை, கரண்ட், பொருள்கள் எல்லாம் சேர்த்து மாதம் 65,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வகுப்பு முடியும்போதே 1,30,000 செலவாகியிருக்கும். கையில் வந்தது 74,250. மீதி 55,750 யார் வீட்டிலிருந்து வரும்? தேர்வுத் தேதி தள்ளிப்போனால் அடுத்த மாத வாடகையும் உங்கள் தலையில்தான்.

கதை இன்னும் முடியவில்லை. 30 பேரில் ஆறு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள் என்று வையுங்கள் (எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் பேட்ச் தொடங்கினால் இது நிச்சயம்). மீதி 24 பேரும் தேறினாலும் கணக்கு இப்போது 24 பேருக்குத்தான், 1,98,000 ரூபாய். நின்றுபோன ஆறு பேருக்காக முதலில் வாங்கிய 14,850 ரூபாயை இரண்டாம் தவணையில் கழித்துக்கொள்வார்கள். ஆக 99,000 வரவேண்டிய இடத்தில் 84,150 வரும். கடைசித் தவணை 39,600. தேறியவர்களில் 70 சதவீதம் பேர், அதாவது 17 பேர் வேலையில் இருந்தால்தான் அது முழுதாகக் கிடைக்கும். 50 முதல் 69 சதவீதம் என்றால் விகிதப்படி. 50க்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது.

எல்லாத் திட்டமும் இதே அச்சு இல்லை. மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவின் நான்காம் கட்டத்தில், குறுகிய காலப் பயிற்சியில் பணத்தையும் வேலைவாய்ப்பையும் கட்டிப்போடும் முறையை எடுத்துவிட்டார்கள். 2014 செப்டம்பரில் தொடங்கிய தீன் தயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்ய யோஜனாவில், கிராமப்புற ஏழைக் குடும்பத்து 15 முதல் 35 வயதுப் பிள்ளைகளுக்கான பயிற்சிக்கு, தவணைகள் 25, 50, 15, 10 சதவீதம் என்று பிரிந்திருந்தன. அதில் நுழையவே, நிறுவனம் தொடங்கி மூன்று நிதியாண்டு ஆகியிருக்க வேண்டும், ஆண்டு வரவு கேட்கும் திட்டத் தொகையில் கால் பங்காவது இருக்க வேண்டும் என்ற மாதிரி நிபந்தனைகள். உங்கள் வரவு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. நன்கொடையில் ஓடும் மாலை வகுப்பு என்பதால், ஆண்டுக்கு ஐந்தாறு லட்சத்தைத் தாண்டாது என்று ஊகிக்கிறேன். 25 லட்சத்தில் கால் பங்கே ஆறேகால் லட்சம். அப்படியானால் 25 லட்சம் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

சரி, காகிதங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்து நோக்கங்கள் பகுதியைப் படியுங்கள். தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா? 'கல்விச் சேவை' என்று மட்டும் இருந்தால், ஆடிட்டரையும் வக்கீலையும் கேட்டு முறைப்படி திருத்த முடியுமா என்று பாருங்கள். அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் வருமான வரித்துறையின் 12ஏ பதிவு, 2021க்குப் பிறகு ஆயுளுக்கும் செல்லும் பதிவு இல்லை. உங்கள் சான்றிதழில் தேதி இருக்கும், தாண்டிவிடாதீர்கள். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பன் தளத்தில் பதிவு செய்து அடையாள எண் வாங்குங்கள், இலவசம்தான். மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, பான், தனி வங்கிக் கணக்கு என்று மற்றவை வழக்கம்போல. அறங்காவலர் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பானில் ஒரு மாதிரி, பத்திரத்தில் இன்னொரு மாதிரி இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். முதலெழுத்து முன்னால் பின்னால் இருப்பதற்காகவே ஆன்லைனில் திரும்பிவந்த விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சி மையத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. அறை அளவு, கழிப்பறை, கணினி எண்ணிக்கை, ஆதார் வழிக் கைரேகை வருகைப்பதிவு, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்புக்கு (திறன்களை நிலைவாரியாக வரையறுக்கும் அரசு முறை) உட்பட்ட பாடத்திட்டம், அந்தப் பாடத்தை நடத்தச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர். உங்கள் கணினி ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தச் சான்றிதழ் இல்லாமல் கணக்கில் வரமாட்டார். விண்ணப்பிப்பதற்கு முன்பே அவரை அந்தத் தேர்வுக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி அறிக்கைக்கு வருகிறேன். அனுப்பிய நகலைப் படித்தேன். முதல் ஒன்பது பக்கம் நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி. படிக்கும் அதிகாரிக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும், அதனால்தான் திட்டமே போட்டிருக்கிறார்கள். அவர் தேடுவது வேறு: பயிற்சி முடித்தவரை யார் எடுத்துக்கொள்வார்கள்? சிப்காட்டிலோ, ஒரகடத்திலோ, புதுச்சேரியிலோ நாலு நிறுவனங்களின் மனிதவள அலுவலர்களைப் போய்ப் பாருங்கள். 'பயிற்சி பெற்றோருக்கு முன்னுரிமை தருவோம்' என்று மொட்டையாக ஒரு கடிதம் தருவார்கள், அதை வாங்காதீர்கள். எந்த வேலைக்கு, எத்தனை பேர், தொடக்கச் சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் உண்டா, வண்டி வருமா என்று எண்களோடு கேளுங்கள். அப்படி இரண்டு கடிதம் கிடைத்தாலே அந்த ஒன்பது பக்கத்தைவிடக் கனம். பாடத்தை அதற்குப் பிறகுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்வார்கள்: தையல் மெஷின் இருக்கிறது, அதனால் தையல்.

வேலையில் சேர்ப்பது ஒரு நாள் வேலை, நிலைக்க வைப்பது மூன்று மாத வேலை. மூன்று மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தால்தான் சேர்த்த கணக்கு. சம்பளச் சீட்டோ வங்கிப் பதிவோ காட்ட வேண்டும். ஒரகடத்துக்குப் போகும் பையன் வேலை கஷ்டம் என்று திரும்புவதைவிட, முதல் சம்பளம் வரும்வரை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கையில் காசில்லாமல் திரும்புவதுதான் அதிகம். பெண் பிள்ளைகள் என்றால் ஷிப்ட் முடிந்து வர பஸ் இல்லாமல். வாரம் ஒருமுறை போன் போட ஓர் ஆள், முதல் மாதத்துக்குச் சின்னக் கைமாற்று, ஒரே நிறுவனத்துக்கு ஐந்தாறு பேரைச் சேர்த்து அனுப்புவது. இந்த மூன்றும் உங்கள் அறிக்கையில் இல்லை. எழுதுங்கள், செலவுக் கணக்கிலும் சேருங்கள்.

கணக்கு பற்றி ஓர் அனுபவம். ஓர் அமைப்புக்குச் சில காலம் கணக்குப் பார்த்தேன். பயிற்சிக்கு வந்த முதல் தவணை கணக்கில் கிடந்தது. அப்போது அவர்கள் நடத்திய விடுதியில் மளிகைக் கடன் நெருக்கியது. 'அடுத்த மாதம் நன்கொடை வந்ததும் திருப்பி வைத்துவிடலாம்' என்று 40,000 ரூபாயை மாற்றினார்கள். திருப்பியும் வைத்தார்கள், ஒரு பைசா குறையவில்லை. ஆனால் தணிக்கையில் அந்த இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. அடுத்த தவணை ஏழு மாதம் நின்றது. தடுத்திருக்க வேண்டிய நானும் அன்று பேசாமல் இருந்தேன். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் இதெல்லாம் தெளிவாகவே இருக்கிறது: மானியத்தை எந்த நோக்கத்துக்குக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும் செலவிட வேண்டும், அந்த விதிகளின் 12-ஏ படிவத்தில் (வருமான வரியின் 12ஏ பதிவு வேறு) பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும், மானியம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டியைக்கூட அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். வட்டி நம் பணம்தானே என்று எடுத்துச் செலவழித்தவர்கள் உண்டு.

இவ்வளவையும் சொன்ன பிறகு என் யோசனை இது: இந்த ஆண்டு அரசுத் திட்டத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்காதீர்கள். முதலில் 20 பேர் கொண்ட ஒரே ஒரு பேட்ச் நடத்துங்கள். அதற்குக் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேளுங்கள். கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள், அதாவது குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பெரிய கம்பெனிகள், சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிட வேண்டும். எவற்றுக்குச் செலவிடலாம் என்று சொல்லும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் தொழில்திறன் வளர்ப்பது நேரடியாகவே இருக்கிறது. இந்தப் பணம் வாங்க 12ஏவோடு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவும் வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவும் வேண்டும், அது 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயம். மணிக்கணக்கு விலை இல்லாததால் போன் போடும் ஆளுக்கும் கைமாற்றுக்கும்கூடத் தொகை கேட்கலாம், முன்பணமும் பேசிப் பார்க்கலாம். சுயதொழில் செய்ய நினைக்கும் பிள்ளைகளை, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே பயிற்சி இலவசம், நீங்கள் செலவு செய்ய வேண்டியதில்லை.

அப்புறம், பெரிய பயிற்சி நிறுவனம் ஏதாவது, 'எங்கள் பெயரில் ஒப்பந்தம், உங்கள் இடத்தில் வகுப்பு' என்று வரலாம். உள்குத்தகை விடக்கூடாது என்று பல திட்டங்களில் நிபந்தனை உண்டு. அவர்களின் ஒப்பந்த நகலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் அறிக்கையின் 39ஆம் பக்கத்தில் இணைப்பாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள்: கணினி வகுப்பில் படித்து வேலைக்குப் போன 61 பேர், எந்த ஊரில் என்ன வேலை என்பதோடு. மொத்த அறிக்கையிலும் வேறு யாராலும் எழுத முடியாத பக்கம் அதுதான். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் 61 பேருக்கும் ஒருமுறை போன் போட்டு, இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார்களா, எவ்வளவு சம்பளம், விட்டுவிட்டார்கள் என்றால் ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.