பட்டியலில் பெயர் இல்லாத பையன்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் போன ஜூலையில் 13 வயது முடிந்தது. நான்கு வருடமாக கிரிக்கெட் அகாடமிக்குப் போகிறான். 14 வயதுக்குட்பட்டோர் மாவட்ட அணிப் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. கிட் பேக்கைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டான், சரியாகப் பேசுவதும் இல்லை. "எல்லாம் சிபாரிசுடா" என்று சொல்லித் தேற்றிப் பார்த்தேன். வேறு அகாடமியில் சேர்க்கலாமா?

ஒரு தந்தை, ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

சிபாரிசு என்ற பேச்சை வீட்டில் இனி எடுக்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், இனி உழைத்து என்ன பயன் என்றுதான் பையன் எடுத்துக்கொள்வான். தேர்வான நண்பனையும் ஒரு மாதிரி பார்க்கத் தொடங்குவான்.

அவனிடம் சொல்ல வேறு காரணம் இருக்கிறது. வயதுக் கணக்கு செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. செப்டம்பரில் பிறந்தவனுக்கும் அடுத்த ஜூலையில் பிறந்த உங்கள் மகனுக்கும் ஒரே பிரிவு. நடுவில் பத்து மாதம். இந்த வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பித் தோள் விரிந்திருக்கும், இன்னொருவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. தேர்வின்போது நெட்ஸில், அதாவது வலைப் பயிற்சியில், கிடைக்கிற ஓரிரு ஓவரில் முதலில் கண்ணில் படுவது உடல் பலம்தான். கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணிகளில் 1980களிலேயே இதைக் கண்டறிந்தார்கள். அங்கே கணக்கு ஜனவரி 1. தேர்வானவர்களில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அதிகம்.

கிரிக்கெட் வீரர் வருண் சக்ரவர்த்தி பிறந்தது ஆகஸ்ட் 29, அதாவது அந்தக் கணக்கில் கடைசி நாட்களில். அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விக்கெட் கீப்பராக இருந்த அவர், வயதுப் பிரிவு அணிகளில் இடம் கிடைக்காமல் 17 வயதில் ஆட்டத்தை விட்டார். கட்டடக்கலை படித்து, வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சுழற்பந்து வீசினார். 2021-இல் இந்திய அணியில் ஆடினார். இது உங்களுக்காகச் சொன்னது. பையனிடம் இப்போது சொல்லாதீர்கள். "நீயும் அப்படி வருவே" என்பது அவன் தலையில் இன்னொரு சுமை.

அவன் துக்கப்படட்டும். "கஷ்டமாத்தான் இருக்கும்" என்று ஒரு வரி சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பரணில் இருக்கும் பையை நீங்கள் இறக்காதீர்கள். சாயங்காலம் தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடப் போனால் தடுக்காதீர்கள், பார்க்கவும் போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என் மனதில் நின்றது அந்த நான்கு வருடம்தான். வண்டியின் முன்னால் பையை வைத்து, பின்னால் அவனை உட்காரவைத்துக் காலையில் கூட்டிப்போயிருப்பீர்கள். அப்பாவின் பணமும் நேரமும் என்னால் வீணாகிவிட்டது என்ற நினைப்பு பிள்ளைகளைத் தோல்வியைவிட அதிகமாக அரிக்கும். அதை அவர்களாக வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவனோடு போய்வந்த அந்தக் காலைகள் உங்களுக்குப் பிடித்திருந்தன என்றால், அதை அவனிடம் சொல்லிவிடுங்கள். அப்பாக்கள் இதைச் சொல்வதே இல்லை.

அகாடமி மாற்றுவதற்கு இப்போது அவசரமில்லை. கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் எதில் தேற வேண்டும் என்று கோச்சிடம் அவனே கேட்கட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள். 16 வயதுக்குட்பட்டோர் தேர்வுக்கு இன்னும் காலம் இருக்கிறது. கிரிக்கெட்டே வேண்டாம் என்று அவன் சொன்னால், அதையும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.