எர்லாங்கனில் நான்கு வாரம், பீர் எங்கே? – கடிதம்

அன்புள்ள சார்,

நான் ஓசூரில் இருக்கிறேன். அடுத்த மாதம் அலுவலக வேலையாக நான்கு வாரம் ஜெர்மனியில் எர்லாங்கனுக்குப் போகிறேன். சனி, ஞாயிறு முழுக்க எனக்குத்தான். பெங்களூரு பக்கம் என்பதால் இந்திரா நகரில் வரிசையாக ஆறு சின்ன கிளாஸில் ஊற்றித் தருவார்களே, அப்படித்தான் சின்னச் சின்ன ஆலைகளில் வடிக்கும் கிராஃப்ட் பீர் பழக்கமானது. பக்கத்து நகரமான நியூரம்பெர்க்கில் நல்ல கிராஃப்ட் பீர் பார்கள் எவை என்று, பீருக்கு மதிப்பெண் போடும் ஆப்பில் பார்த்து, மதிப்பெண் வாரியாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் முன்பு பாம்பெர்க்கின் புகை பீர் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே தாண்டிப் போய்விட்டீர்கள். எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம்? கூட வரும் நண்பர் சுத்த சைவம், ஆனால் பீர் குடிப்பார். அவருக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

கே.ஆர்., ஓசூர்

அன்புள்ள கே.ஆர்.,

அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். நியூரம்பெர்க் பார்களைக் குறை சொல்லவில்லை, அமெரிக்க ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட்ட ஐ.பி.ஏ. என்ற கசப்பு பீர், புளிப்பு பீர், எல்லாம் அங்கே உண்டு, நன்றாகவும் இருக்கும். ஆனால் அதெல்லாம் இந்திரா நகரிலேயே கிடைக்கிறதே, அதற்கு எதற்கு அத்தனை தூரம்? நீங்கள் தங்கப்போகும் ஊரிலிருந்து வடக்கே ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மேல் ஃபிராங்கோனியா, பவேரியா மாநிலத்தின் வடக்குப் பகுதி. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே ப்ரூவரிகள், அதாவது பீர் வடிக்கும் ஆலைகள், அடர்ந்த பகுதி என்று சொல்வார்கள். அங்கே சின்ன ப்ரூவரி என்பது பத்து வருஷத்துக்கு முன் வந்த மோஸ்தர் இல்லை. ஆவ்ஃப்ஸெஸ் என்று ஒரு கிராமம், ஜனத்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது, நான்கு ப்ரூவரிகள், 2000-இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. நான்கையும் சுற்றி நடக்க ஒரு பாதையே போட்டிருக்கிறார்கள். முழு நாள் வேண்டும், காலில் தெம்பும் வேண்டும்.

ஆகவே முதல் சனிக்கிழமை அந்தப் பகுதியில் இருக்கும் பாம்பெர்க். சுமார் 80,000 பேர் இருக்கும் ஊர், ஊருக்குள்ளேயே பத்து ப்ரூவரிகள் தேறும். பழைய நகரம் முழுவதும் 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவில் ஒரு செயற்கைத் தீவில், பாலத்தை ஒட்டியே பழைய நகர மன்றம் நிற்கிறது, அதையெல்லாம் நீங்களே போய்ப் பார்த்துக்கொள்வீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அந்த ஊரில் பீரைத் தனியாகத் தேடாதீர்கள், சாப்பாட்டு நேரம் பார்த்துப் போங்கள். பெரும்பாலான ப்ரூவரிகள் அங்கே சாப்பாட்டு விடுதியும்தான். பின்கட்டில் பீர் வடிப்பார்கள், முன்கட்டில் சமைப்பார்கள். பீரின் கசப்பு, இனிப்பு, புகை எல்லாம் அந்தத் தட்டில் வரும் கறிக்கும் குழம்புக்கும் பழகிப்போனவை. வெறும் வயிற்றில் ஆறு கிளாஸை வரிசையாக வைத்து நக்கிப் பார்த்து ஆப்பில் நட்சத்திரம் போடுகிறவருக்கு அதில் பாதி தெரியாமலே போகும். புகை பீருக்கு ஆப்பில் விழுகிற குறைந்த மதிப்பெண்களைப் படித்துப் பாருங்கள், முக்கால்வாசி ஒரு வாய் குடித்துவிட்டு எழுதியவை.

புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, பிறகு காய வைக்க வேண்டும், அதுதான் மால்ட். ஒரு காலத்தில் விறகு நெருப்பில்தான் காய வைத்தார்கள், அதனால் பெரும்பாலான பீர்களில் கொஞ்சமாவது புகை இருந்தது. புகை படாமல் சூட்டில் மட்டும் உலர்த்தும் அடுப்புகள் வந்த பிறகு எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லா, ஸ்பெட்சியால் என்று இரண்டு ப்ரூவரி வீடுகள் மட்டும் மாறவில்லை. இன்றும் சொந்தமாக மால்ட் போட்டு, பீச் மர விறகுப் புகையில் காய வைக்கிறார்கள். விறகடுப்பில் காய்ச்சிய பாலில் ஒரு புகை ஏறியிருக்குமே, அந்த மாதிரி என்று ஆரம்பத்துக்குச் சொல்லலாம். ஷ்லெங்கர்லாவில் அது இன்னும் போய், புகையில் வாட்டிய பன்றிக்கறி வாசனையாகவே மூக்கில் ஏறும்.

அதனால் மதியத்துக்கு ஸ்பெட்சியால், சாயங்காலத்துக்கு ஷ்லெங்கர்லா, இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஸ்பெட்சியால் 1536 முதல் இருக்கும் வீடு, ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், ஓபெரெ கோனிக் தெருவில். அங்கே புகை மெல்லியது, பீரும் லேசானது, முதல் தடவை குடிக்கிறவரை அடித்துப் போடாது. எதிர்ச் சாரியிலேயே ஃபெஸ்லா, 1649. அது புகையில்லாத வழக்கமான பீர். உள்ளே நுழைந்ததும் வரும் நடையில் உள்ளூர் ஆட்கள் கிளாஸும் கையுமாக நின்றுகொண்டே பேசுவார்கள். நீங்களும் நிற்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஷ்லெங்கர்லா பழைய நகரத்துக்குள், டோமினிக்கானர் தெருவில். கூட்டம் இருக்கும், சுற்றுலாக்காரர்களும் நிறைய. அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள், உள்ளூர்க்காரர்கள் இன்னும் அதை விடவில்லை. கருத்துப்போன மரத் தூலங்களுக்குக் கீழே நீள மேஜைகள், அடுத்தவர் மேஜையில் இடம் இருந்தால் கேட்டுவிட்டு உட்காரலாம், அதுதான் வழக்கம். (வாடிக்கைக் கூட்டத்துக்கென்று பலகை வைத்திருக்கும் மேஜையில் மட்டும் உட்கார வேண்டாம், எழுப்பிவிடுவார்கள்.) பீர் மரப் பீப்பாயிலிருந்து வருகிறது. அழுத்தம் கொடுக்க வாயு இல்லை, குழாயைத் திருப்பினால் தன் பாரத்திலேயே இறங்குகிறது, அதனால் நுரை பொங்குவது குறைவு, தொண்டையில் முள் குத்தாது. மெர்ட்சன் என்று கேளுங்கள், 5.1 சதவீதம் ஆல்கஹால், கருஞ்சிவப்பு, மேலே பழுப்பு நுரை. முதல் அரை லிட்டரில் புகை மட்டும்தான் தெரியும். இரண்டாவது கிளாஸ் பாதியில் இருக்கும்போது மூக்கு பழகிவிடும், அடியில் மால்ட்டின் இனிப்பு தெரிய ஆரம்பிக்கும். மதிப்பெண் போடுகிறவர்கள் அதுவரை உட்காருவதில்லை. அப்புறம் ஒரு வேடிக்கை, இவர்களுடைய ஹெல்லெஸ் என்ற வெளிர்நிற பீரில் புகை மால்ட்டே கிடையாது, ஆனால் அதே அண்டாவிலும் அதே ஈஸ்ட்டிலும் செய்வதால் அதிலும் லேசாகப் புகை ஒட்டிக்கொள்கிறது.

சாப்பாடு. நீங்கள் அசைவம் என்றே எடுத்துக்கொள்கிறேன். பாம்பெர்க் வெங்காயம் என்று ஒன்று, பெரிய வெங்காயத்தைக் குடைந்து பன்றிக் கொத்துக்கறியை அடைத்து வேகவைத்து, புகை பீர் ஊற்றிய குழம்போடு, மேலே பேக்கன் ஒரு துண்டு, பக்கத்தில் உருளைக்கிழங்கு மசியல். குழம்பிலும் அதே புகை, கிளாஸிலும் அதே புகை, ஒன்று வாயில் இருக்கும்போது மற்றதைக் குடித்தால் இரண்டுமே கொஞ்சம் அடங்கி வேறு மாதிரி ஆகின்றன. பீரைச் சாப்பாட்டோடு குடிக்கச் சொன்னேனே, அதற்குச் சாட்சியாக இந்த ஒரு தட்டு போதும். ஷொய்ஃபெர்லா என்பது பன்றியின் தோள்பட்டை, எலும்போடு வறுத்தது, தோல் மொறுமொறுவென்று இருக்க வேண்டும், நமுத்துப்போயிருந்தால் அந்தக் கடைக்கு அடுத்த முறை போகாதீர்கள். ஒரு ஆளுக்கு அது அதிகம். ஸாஸேஜை வினிகரும் வெங்காயமும் போட்ட ரசத்தில் வேகவைத்துத் தருவது ப்லாவெ ஸிப்ஃபெல், நம் நாக்குக்கு அந்தப் புளிப்பு உடனே பிடிக்கும். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்குள் போனால் பொரித்த கார்ப் மீன், பாதி மீன் அப்படியே தட்டில் வளைந்து நிற்கும், துடுப்பையும் கடித்துத் தின்பார்கள்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். விடுதிக்குள் அவருக்குத் திண்டாட்டம்தான். முட்டை சாப்பிடுவார் என்றால் சீஸ் ஸ்பெட்ஸ்லெ (முட்டை சேர்த்த மாவு நூடுல்ஸில் சீஸ் போட்டது) கிடைக்கும், கெருப்ஃப்டர் என்று வெண்ணெயும் மிளகாய்த்தூளும் வெங்காயமும் போட்டுப் பிசைந்த சீஸ் கிடைக்கும், ரொட்டியோடு நன்றாகவே இருக்கும். உருளைக்கிழங்கு உருண்டையைப் பார்த்துச் சைவம் என்று ஏமாந்துவிட வேண்டாம், மேலே ஊற்றுகிற குழம்பு கறியுடையது. ஆனால் அவருக்கு நிஜமான இடம் மலை மேல் இருக்கிறது. குளிர்பதனம் வருவதற்கு முன் மணற்கல் குன்றுகளைக் குடைந்து பீரை வைத்திருந்தார்கள். குகைக்கு வெயில் படாமலிருக்க மேலே மரம் நட்டார்கள், மர நிழலில் மேஜை வந்தது. இன்றும் வெயில் காலத்தில் ஊர் அங்கேதான் போகிறது. ஸ்பெட்சியாலுக்கும் அங்கே ஒரு தோட்டம் உண்டு, அங்கிருந்து கதீட்ரலின் கோபுரங்கள் நேரே தெரியும். இந்த மாதிரித் தோட்டங்களில் பீரை அங்கே வாங்கினால் போதும், சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்பது பவேரியாவின் பழைய வழக்கம், 1999-இல் அரசு போட்ட பீர் தோட்ட விதியிலும் அது வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் துணி விரித்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருக்கும். உங்கள் நண்பர் தூக்கைத் திறந்து புளியோதரையை எடுத்து வைக்கலாம், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எல்லாத் தோட்டத்திலும் அனுமதி உண்டு என்று நினைக்காமல் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மழை வந்தால் திறக்க மாட்டார்கள்.

இன்னொரு சனிக்கிழமை கிடைத்தால் மார்ஸ் ப்ராய், ஊரின் வுண்டர்புர்க் பகுதியில். அங்கே "ஊ" என்று ஒற்றை எழுத்தைச் சொன்னால் பீர் வரும். பீப்பாயை இறுக்கி அடைக்காமல் முதிரவிட்ட, வாயு குறைந்த பீர், வயிற்றில் இடம் அடைக்காது, சாப்பாட்டோடு குடிக்க இதைவிட நல்லது அந்த ஊரில் இல்லை என்பது என் கட்சி. வழியில் இருக்கும் ஃபோர்ஹைமிலும் குன்றுக் காட்டுக்குள் பீர் தோட்டங்கள் வரிசையாக உண்டு. உங்கள் எர்லாங்கனிலேயே ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே சமயத்தில் மலையில் பெரிய பீர் திருவிழா, 1755 முதல் நடக்கிறது, லிட்டர் குவளை, தோளோடு தோள் கூட்டம். எனக்கு அது ஒத்துவராது, உங்கள் வயதுக்கு ஒத்துவரலாம்.

சில்லறை விஷயங்கள். பயர்ன் டிக்கெட் (பவேரியா முழுவதற்குமான நாள் டிக்கெட்) வாங்கினால் இரண்டு பேருக்கும் சேர்த்து நாள் முழுக்க உள்ளூர் ரயில்களில் போகலாம், வார நாளில் காலை 9 மணிக்கு மேல், சனி ஞாயிறில் எந்நேரமும். ஐ.சி.இ. என்ற அதிவேக ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள். கையில் ரொக்கம் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் விடுதிகள் நிறைய, சமையலறையும் சீக்கிரம் அடைத்துவிடும், அதனால் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது பாட்டில் வாங்கினால் நம் ஊர் சுங்கத்தில் வரியில்லாமல் ஒருவருக்கு இரண்டு லிட்டர்தான், அதாவது அரை லிட்டர் பாட்டில் நான்கு. நான்கையும் மெர்ட்சனாகவே வாங்குங்கள், பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள்.

அன்புடன்.