சமுதாய வானொலி: எட்டும் தூரம் குறைவு என்பதே அதன் பலம்

"எங்கள் ஒன்றியத்தில் ஒரு தொண்டு நிறுவனம் சமுதாய வானொலி தொடங்க எண்ணுகிறது. எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கும் இந்தக் காலத்தில் அதனால் கிராம முன்னேற்றத்துக்குப் பயன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு என்பதே என் பதில். சமுதாய வானொலி என்பது ஒரு சிறு வட்டாரத்து மக்களுக்காக, அவர்களின் பங்கேற்புடன் நடக்கும் சிறிய வானொலி நிலையம். டெல்டா மாவட்டம் ஒன்றில் இயங்கும் சமுதாய வானொலியில், ஆடு மாடு வளர்ப்பு நிகழ்ச்சிக்குத் தன்னார்வலனாக உதவி வருகிறேன். அங்கே கண்டதையும் பிற நிலையங்களைப் பற்றி அறிந்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

வானொலியால் உழவர் மனத்தை மாற்ற முடியுமா என்ற ஐயம் எங்கள் பக்கத்தில் எவருக்கும் எழாது. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம், திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியாகத் தஞ்சை வயல்களுக்குப் பரவி, 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. ஆனால் அது பல மாவட்டங்களுக்கும் பொதுவாகப் பேசிய அரசு வானொலி. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட், கோபுர உயரம் அதிகபட்சம் 30 மீட்டர். சமவெளியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர், சில இடங்களில் சற்றுக் கூடுதலாக எட்டும், அவ்வளவுதான். இதைக் குறையாகவே பலரும் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் அதன் பலமே இதில்தான் இருக்கிறது.

எங்கள் நிகழ்ச்சிக்காக ஒரு முறை கால்நடை மருத்துவர் ஒருவரை ஊருக்கே அழைத்துச் சென்று, ஆலமரத்தடியில் பதிவு செய்தோம். ஆடுகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து எப்போது, எந்த அளவில் கொடுப்பது என்று எழுதி வைத்திருந்ததை அவர் தெளிவாகவே படித்தார். படித்து முடித்ததும் கூட்டத்திலிருந்த ஓர் அம்மா, "சினை ஆட்டுக்கும் இதைக் குடுக்கலாமா சார்?" என்று கேட்டார். அந்தத் தாளில் சினை ஆட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மருத்துவர் தாளை மடித்து வைத்துவிட்டு, சினையின் தொடக்க காலத்தில் அல்பெண்டசோல் போன்ற சில மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், சினை ஆடு என்பதை மருந்து வாங்கும்போதே சொல்ல வேண்டும் என்று விளக்கினார். நிகழ்ச்சி ஒலிபரப்பான பிறகு பக்கத்து ஊர்ப் பெண்கள் அந்த அம்மாவின் வீட்டுக்கே வந்து விவரம் கேட்டுச் சென்றார்கள். கேட்டவர் இன்னார், அவர் வீடு இன்ன தெருவில் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறான தகவல் போயிருந்தாலும் மறுநாளே எங்கள் வாசலுக்கு வந்து கேட்டிருப்பார்கள். சொன்னவரைத் தேடிப் போய்க் கேட்கக்கூடிய இந்த நெருக்கம், யார் தொடங்கி வைத்தார் என்றே தெரியாமல் வாட்ஸ்அப்பில் சுற்றும் மருத்துவக் குறிப்புக்கு இல்லை.

இந்த நெருக்கத்தை முழுமையாகப் பயன்படுத்திய நிலையம் தெலங்கானாவின் ஜகீராபாத் அருகே மாச்சனூரில் உள்ள சங்கம் வானொலி. தக்காண வளர்ச்சிக் கழகம் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு 2008 அக்டோபரில் ஒலிபரப்பைத் தொடங்கிய அதைத் தலித் பெண்களே நடத்துகிறார்கள். சிறுதானியப் பயிர்கள், விதை காத்தல், நாட்டு மருத்துவம், வட்டாரப் பாடல்கள் என்று தங்கள் வழக்குத் தெலுங்கிலேயே பேசுகிறார்கள். விதையைச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து காக்கத் தெரிந்த கிழவியைப் படிக்காதவர் என்று ஒதுக்கி வந்த ஊரில், அதே கிழவி வானொலியில் ஆசிரியராகிறார். வருமானக் கணக்கில் வராத இந்த மாற்றத்தையும் நான் முன்னேற்றம் என்றே எண்ணுகிறேன். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக ஒலிக்கும் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலியும் இவ்வகையைச் சேர்ந்தது. காற்றின் வேகமும் அலையின் உயரமும் அங்கே அன்றாடப் பிழைப்போடு ஒட்டிய செய்திகள்.

கைப்பேசியை வானொலிக்குப் போட்டியாக நினைக்க வேண்டியதில்லை. இலங்கையின் கொத்மலை சமுதாய வானொலியில் 1990களின் இறுதியிலேயே, நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான விடைகளை இணையத்தில் தேடி, உள்ளூர் வல்லுநர்களுடன் வானொலியில் பேசி விளக்கும் நிகழ்ச்சியை நடத்தினார்கள். இன்று எங்களுக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை வாட்ஸ்அப் குரல் பதிவுகளே. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது கைப்பேசிக் கோபுரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்ததைக் கண்டவர்களுக்குப் பேட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. நிலையத்தில் ஜெனரேட்டரும் டீசலும் இருந்தால்தான் அதுவும் உதவும் என்பதைத் தொடங்கும்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

இடர்ப்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தும், தொண்டு நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் கொள்கை 2006இல்தான் வந்தது. இன்றும் இவ்வானொலிகள் சொந்தமாகச் செய்தி வெளியிட முடியாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்புச் செய்யலாம். குடிநீர் வரும் நேரத்தை அறிவிக்கலாம், ஆனால் அது ஏன் வரவில்லை என்று செய்தியாகத் தொகுத்துச் சொல்ல வழியில்லை. கிராம முன்னேற்றத்துக்கென்றே அனுமதிக்கப்பட்ட ஊடகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. பணமும் பெரும் சிக்கல்தான். 2024இல் விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகவும், அரசு விளம்பரக் கட்டணம் 10 வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. ஆயினும் சிற்றூர்க் கடைக்காரர்களிடம் விளம்பரம் திரட்டுவது எளிதன்று. அதனால் திட்ட நிதி தருபவர் விரும்பும் தலைப்புகளே நாள் முழுவதும் ஒலிக்கும் நிலை வந்துவிடுகிறது. துறை அறிக்கைகளை மாறி மாறிப் படிக்கும் வானொலியை மக்கள் கேட்பதில்லை. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் அமைய வேண்டும் என்ற விதியை ஏட்டளவில் நிறைவேற்றிவிடுவதும் கடினமன்று என்பதால், மைக் யார் கையில் இருக்கிறது என்பதை நிலையம் நடத்துபவர்கள்தாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே, உங்கள் நிறுவனம் கோபுரத்துக்கும் ஒலிபரப்புக் கருவிக்கும் செலவழிக்கும் முன் ஒன்று செய்யலாம். சங்கம் வானொலிப் பெண்கள் உரிமம் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, மகளிர் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுப் பழகினார்கள். நீங்களும் கைப்பேசியிலேயே பதிவு செய்து, சுய உதவிக் குழுக் கூட்டங்களிலும் 100 நாள் வேலை நடக்கும் இடங்களிலும் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டுங்கள். கேட்டவர்களில் சிலராவது அடுத்த பதிவைத் தாங்களே செய்ய முன்வந்தால் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். ஒருவரும் வராவிட்டால், எதைப் பேசினால் வருவார்கள் என்று அவர்களிடமே கேட்டு மறுபடியும் பதிவு செய்யுங்கள்.