ஒடிந்த உணர்கொம்பு மீண்டும் வளருமா?

கேள்வி: புழுவாக இருந்ததிலிருந்து நான் வளர்த்த அந்துப்பூச்சி கூட்டைவிட்டு வெளிவந்து இரண்டு நாள் ஆகிறது. பெட்டி மாற்றும்போது, இறகு போன்ற உணர்கொம்புகளில் ஒன்று பாதியில் ஒடிந்துவிட்டது. மறுபடி வளருமா? பறக்கவிடலாமா?

பதில்: வளராது. இழந்த உறுப்பைப் பூச்சிகள் திரும்பப் பெறுவதென்றால் அது தோலுரிக்கும்போதுதான். சிறகு முளைத்த அந்துப்பூச்சி இனித் தோலுரிக்காது. ஆனால் இதனால் அது சாகாது. தயங்காமல் பறக்கவிடுங்கள்.

உணர்கொம்பில் மூன்று பகுதிகள். தலையோடு சேரும் தடித்த அடிக்கணு, அதையடுத்துக் குட்டையான இரண்டாம் கணு, பிறகு பல கணுக்கள் கோத்த நீண்ட சாட்டை. ஒடிந்தது சாட்டை மட்டுமே என்பது நல்ல செய்தி. இரண்டாம் கணுவுக்குள் இருக்கும் ஜான்ஸ்டன் உறுப்பு, சாட்டையின் மெல்லிய அசைவையும் உணர்ந்து பறப்பைச் சீராக்குகிறது. ஹாக் மாத் என்னும் அந்துப்பூச்சி வகை ஒன்றில் இரண்டு சாட்டைகளையும் வெட்டியபோது பறக்கத் தடுமாறி மோதிக்கொண்டது. வெட்டியவற்றைப் பசையால் ஒட்டியதும் பறப்பு சீரானது என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒட்டிய சாட்டைக்கு மணம் தெரியாது. திரும்பக் கிடைத்தது அதன் எடையும் அசைவும்தான். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. அதற்காக நீங்கள் ஒட்டிப்பார்க்க வேண்டாம், பசை காலிலும் சிறகிலும் பட்டால் பூச்சி போய்விடும். உங்களுடையதற்கு ஒன்றரைக் கொம்பு மிச்சமிருக்கிறதே!

இழப்பு மணத்தில்தான். ஆண் பட்டுப்பூச்சியின் ஒரு கொம்பில் மட்டும் சுமார் 17,000 நீண்ட உணர்மயிர்கள். மயிரின் சுவரில் நுண்துளைகள். அவற்றின் வழியே நுழையும் மண மூலக்கூறை உள்ளிருக்கும் திரவத்தில் உள்ள புரதம் நரம்புவரை கொண்டுசேர்க்கிறது. ஆணை ஈர்க்கப் பெண் வெளியிடும் பாம்பிகால் என்ற மணப்பொருளின் (பெரோமோன்) ஒற்றை மூலக்கூறே நரம்பைத் தூண்டிவிடும். ஆகவே பாதிக் கொம்பு போனாலும் உங்கள் பூச்சி மணம் அறியாததாகிவிடாது.

ஆணா பெண்ணா என்றால், ஒரே இனத்தில் இறகு போன்ற அகன்ற கொம்புள்ளது பெரும்பாலும் ஆண். இரண்டுக்கும் நூல்போன்ற கொம்பே உள்ள இனங்களும் ஏராளம். அங்கே இந்த அடையாளம் பயன்படாது.

இனி இடம் மாற்றும்போது கையால் பிடிக்காமல் ஒரு குச்சியை முன்னங்கால்களருகே நீட்டுங்கள், தானே ஏறிக்கொள்ளும். ஒடிந்த துண்டு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். வெள்ளைத் தாளில் வைத்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள்: சீப்புப் பற்கள் போன்ற கிளைகள் தெரியும். உணர்மயிர்களைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும்.