ஒற்றைக் கீழறைக் குழந்தைக்கு பெர்லின் ஹார்ட்: டாக்டர் ஏன் தயங்குகிறார்?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது. பிறவியிலேயே இதயத்தில் ஒரு கீழறைதான் சரியாக வளர்ந்திருந்தது. க்ளென் ஆபரேஷன் முடிந்தும் இதயம் பலவீனமாகிவிட்டது. மாற்று இதயத்துக்குப் பதிவு செய்து காத்திருக்கிறோம். அதுவரை பெர்லின் ஹார்ட் பொருத்தலாம் என்று சொல்லும் டாக்டரே தயங்குகிறார். ஏன்? பொருத்தினால் வீட்டுக்குக் கூட்டி வரலாமா?

பதில்: பெர்லின் ஹார்ட் என்பது ரத்தத்தைத் தள்ளும் ஒரு பம்ப், அவ்வளவுதான். உங்கள் மகளுக்குத் தள்ளுவது மட்டுமா பிரச்சினை என்பதில்தான் டாக்டருக்குச் சந்தேகம்.

க்ளென் ஆபரேஷனில், தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரையை நேராக நுரையீரல் தமனியில் இணைத்திருப்பார்கள். அந்தப் பாதையில் தள்ளிவிட ஆள் இல்லை; ரத்தம் தானாக ஓடித்தான் நுரையீரலுக்குப் போகிறது. கீழறை துவண்டுபோனதுதான் காரணம் என்றால் பம்ப் கைகொடுக்கும். நுரையீரல் பாதை குறுகியிருந்தாலோ அங்கே அழுத்தம் கூடியிருந்தாலோ, பம்ப்புக்கே போதுமான ரத்தம் வந்து சேராது. கதீட்டர் பரிசோதனையில், அதாவது ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, அழுத்தத்தை அளப்பது இதைப் பிரித்தறியத்தான்.

2014-இல் வெளியான வட அமெரிக்கக் கணக்கு ஒன்று உண்டு. இந்தக் கருவி பொருத்தப்பட்ட ஒற்றைக் கீழறைக் குழந்தைகள் 26 பேரில், மாற்று இதயம் கிடைக்கும் வரையோ இதயம் தேறும் வரையோ தாக்குப்பிடித்தவர்கள் 11 பேர். மொத்தமாகப் பார்த்தால் பயமாக இருக்கும். பிரித்துப் பாருங்கள்: க்ளெனுக்கு முந்தைய முதல் கட்ட ஆபரேஷன் மட்டும் முடிந்திருந்த 9 பேரில் தாக்குப்பிடித்தது ஒரே ஒரு குழந்தை, க்ளென் முடிந்திருந்த 12 பேரில் 7. சிறிய எண்ணிக்கைதான், பழையதும்கூட. இப்போது பல மையங்களில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரின் மருந்துக்குப் பதில் பைவாலிருடின் என்ற மருந்தைக் கொடுத்து ரத்தம் உறைவதை நன்றாகக் கட்டுப்படுத்துகிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், வைப்பதா வேண்டாமா என்பதைவிட எப்போது வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டு, வென்டிலேட்டரில் போட்ட பிறகு வைத்தால் பலன் குறைவு. கிரியாட்டினின் (சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் ரத்த அளவு) ஏறுகிறதா, ஊட்டும் பால் செரிக்கிறதா என்று தினமும் கேளுங்கள்.

பொருத்திய பிறகும் ஆக்சிஜன் அளவு 75 முதல் 85 சதவீதம் என்றுதான் காட்டும். க்ளென் நிலையில் கால் பக்கத்து ரத்தம் நுரையீரலுக்குப் போகாமலே கலப்பதால் அப்படி. கருவி வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம்.

பம்ப் வயிற்றுக்கு வெளியே இருக்கும்; கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். நர்ஸ் டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார். ரத்தம் உறைந்த அடையாளமாக வெள்ளை இழையோ கருந்துளியோ தெரிகிறதா என்று தேடுகிறார். அப்படி ஒன்று பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் உறைவு பெரிதானால் பம்ப்பையே மாற்றிவிடுவார்கள்.

இன்னொன்று: ரத்தம் ஏற்றும்போது அது வெள்ளை அணுக்களை நீக்கிய ரத்தமா என்று கேளுங்கள். அடிக்கடி ரத்தம் ஏறினால் உடம்பில் எதிர்ப்பொருட்கள் உருவாகி, பொருந்தும் இதயம் கிடைப்பது கஷ்டமாகலாம்.

சரி, வீட்டுக்கு? உடம்புக்குள்ளேயே வைக்கும் ஹார்ட்மேட் 3 போன்ற கருவியுடன் வீடு திரும்பும் பெரிய பிள்ளைகள் உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது பெரிது. பெர்லின் ஹார்ட் என்றால் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசம்தான், சில சமயம் மாதக்கணக்கில். ஆனால் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. தேறிய பிறகு ஒருவர் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வர, குழந்தை வராந்தாவில் நடக்கலாம், விளையாடலாம். நீங்கள் ஒருவராகவே தாங்க முடியாது. முறை போட்டுத் தங்க வீட்டில் இன்னொருவரை இப்போதே தயார் செய்யுங்கள்.