மாநிலங்களவையில் ஒரு நாள் முழுக்க என்னதான் நடக்கிறது?

கரோல் பாக்கில் தங்கிக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். செய்திகளில் கூச்சலும் வெளிநடப்பும் ஒத்திவைப்பும்தான் தெரிகின்றன, மீதி நேரத்தில் அங்கே உருப்படியாக ஏதாவது நடக்கிறதா என்பது அவருடைய சந்தேகம். டெல்லியில் மத்திய அமைச்சகம் ஒன்றின் நாடாளுமன்றப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கிறேன். உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் தயாரித்துக் கொடுப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அவை காலை 11 மணிக்குக் கூடும். குடியரசுத் துணைத் தலைவர்தான் பதவிவழி அவைத் தலைவர். மறைந்த உறுப்பினர் எவரேனும் இருந்தால் இரங்கல் குறிப்பு வாசிக்கப்படும். பிறகு அமைச்சர்கள் தங்கள் துறையின் ஆண்டறிக்கைகள், அரசாணை அறிவிக்கைகள் முதலியவற்றை அவையின் முன் வைப்பார்கள். அடுத்து விதி 267. அன்றைய அலுவல்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஓர் அவசரப் பிரச்சினையை உடனே விவாதிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கொடுக்கும் நோட்டீஸ்கள் இந்த விதியின் கீழ்தான் வருகின்றன. பெரும்பாலும் அவை ஏற்கப்படுவதில்லை. நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் கூச்சல் பல நாட்களில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கூச்சல் இல்லாத நாளில், உறுப்பினர்கள் அவசரப் பொதுப் பிரச்சினைகளை எழுப்பும் ‘நேரமில்லா நேரம்’ தொடரும். ஒருவருக்கு மூன்று நிமிடம். நேரம் முடிந்ததும் ஒலிவாங்கி அணைந்துவிடும். தன் மாநிலத்து மீனவர் கைது, நின்றுபோன ரயில், கிடைக்காத நிதி என்று ஒவ்வொருவரும் சொல்ல, அதே கருத்துள்ள மற்றவர்கள் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்பார்கள். அமைச்சர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இதில் கிடையாது.

அந்தக் கட்டாயம் பகல் 12 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரத்தில்தான் வருகிறது. மக்களவையில் கேள்வி நேரம் 11 மணிக்கு; மாநிலங்களவையிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. காலை அமளியில் கேள்வி நேரம் நாள்தோறும் அடிபட்டுப் போனதால், ஹமீது அன்சாரி அவைத் தலைவராக இருந்தபோது, 2014 நவம்பரில் அதை 12 மணிக்கு மாற்றினார்கள். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 15, குறியிடாத கேள்விகள் 160. குறியிட்டவற்றுக்கு அமைச்சர் அவையில் நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். மற்றவற்றுக்கு எழுத்துப்பூர்வப் பதில் போதும். வாரத்தில் ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கும். எந்தக் கேள்வி பட்டியலில் எத்தனையாவதாக வரும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. பட்டியலின் தலைப்பில் எங்கள் அமைச்சகத்தின் கேள்வி வந்துவிட்டால் அந்த வாரம் பிரிவில் யாருக்கும் தூக்கம் இருக்காது. பதினான்காவதாக வந்தால் பெருமூச்சு விடுவோம், ஏனென்றால் ஒரு மணி நேரத்தில் அதுவரை எட்டுவது அபூர்வம்.

அச்சிட்ட பதில் எங்களுக்குப் பெரிய சிக்கல் அல்ல. மாநிலங்களிலிருந்து விவரம் திரட்டி, இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரைவு எழுதி, இணைச் செயலாளர், செயலாளர், அமைச்சர் என்று ஒப்புதல் வாங்கி அனுப்பிவிடலாம். உண்மையான சோதனை துணைக் கேள்விகளில் இருக்கிறது. அவைத் தலைவர் கேள்வி எண்ணை அழைத்ததும் அமைச்சர் எழுந்து, அறிக்கை அவையின் முன் வைக்கப்பட்டுள்ளது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அமர்வார். கேள்வி கேட்ட உறுப்பினர் அதன்பின் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். வேறு சில உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொன்று வாய்ப்புக் கிடைக்கும். என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அவர்கள் கேட்கக்கூடியதையெல்லாம் ஊகித்துத் தடிமனான கோப்பு ஒன்றைத் தயாரித்து முந்தின நாளே அமைச்சருக்கு விளக்கியிருப்போம். அப்படியும், ஒதுக்கிய நிதியில் பாதியைத்தான் செலவழித்திருக்கிறீர்கள் என்று உங்கள் பதிலே சொல்கிறது, மீதியைத் திருப்பிக் கொடுத்த மாநிலங்கள் எவை என்று ஒருவர் கேட்டுவிட்டால், அதிகாரிகளுக்கென ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் எங்கள் இயக்குநரின் விரல்கள் கோப்பில் பறக்கும். நான்கு மாநிலங்களின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி, அவைப் பணியாளர் கையில் கொடுத்து, அது அமைச்சரின் மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் அவர் பொதுவாக நான்கு வாக்கியங்கள் பேசி நேரத்தைக் கடத்தியிருப்பார். துறையை நன்றாக அறிந்த அமைச்சர் யார், கோப்பை வாசிப்பவர் யார் என்பது அந்த அரை நிமிடத்தில் அவைக்குத் தெரிந்துவிடும்.

சொல்லும் சொல்லுக்கும் அங்கே விலை உண்டு. ‘பரிசீலனையில் இருக்கிறது’, ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று அமைச்சர் சொன்னால் அது அவைக்கு அளித்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் அரசு உறுதிமொழிகளுக்கான குழு துறைச் செயலாளரையே அழைத்துக் கேட்கும். ஆகவே வரைவு எழுதும்போது இத்தகைய தொடர்களை ஒவ்வொன்றாகத் தேடி நீக்குவது எங்கள் வழக்கம். எழுத்தில் நாங்கள் அடைத்த அந்தக் கதவைத் துணைக் கேள்வி திறந்துவிடும்.

கேள்வி நேரம் ஒத்திவைப்பில் போனால் யாருக்கு நட்டம் என்று மாணவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அச்சிட்ட பதில்கள் எப்படியும் அவையின் முன் வைக்கப்பட்டுவிடும். பதிவேட்டில் எந்தக் குறையும் தெரியாது. இழப்பது துணைக் கேள்வியை மட்டும்தான், அதாவது அமைச்சர் எழுதிவைத்த தாளைத் தாண்டிப் பேசியாக வேண்டிய ஒரே வாய்ப்பை. அவை ஒத்திவைக்கப்பட்டதும் அமைச்சகத்தில் பரவும் நிம்மதியை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அமளியால் அரசுக்கு நெருக்கடி என்று எதிர்க்கட்சியினர் நம்பினாலும், அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுத்தவரை அது அரசுக்குக் கிடைக்கும் ஓய்வு. அதே அளவுக்கு, விவாதம் கேட்டு வரும் நோட்டீஸ்களையெல்லாம் மறுத்து அவையை அந்த நிலைக்குத் தள்ளுவதும் சரியல்ல. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே அந்தக் கூட்டத்தொடரில் கைவிட்டார்கள்; எழுத்துப்பூர்வப் பதில்கள் மட்டும் வந்தன. எங்கள் வேலைப்பளு குறைந்தது உண்மை, ஆனால் அது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை.

உணவு இடைவேளைக்குப் பிறகு மசோதாக்கள். கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப நேரம் பிரிக்கப்படுவதால், ஓரிரு உறுப்பினர்களே உள்ள கட்சிக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். விவாதம் முடிந்து, பிரிவு பிரிவாக எடுத்து, பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றுவார்கள். உறுப்பினர்கள் வற்புறுத்தினால் எண்ணி வாக்கெடுக்க வேண்டும். எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1970 செப்டம்பரில் வந்த, முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை ஒழிக்கும் மசோதா போதும். ஆதரவாக 149, எதிராக 75. அரசியல் சட்டத் திருத்தம் என்பதால் வாக்களித்த 224 பேரில் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. ஒரு வாக்குக்கும் குறைவான பின்னத்தில் அது தோற்றுப்போனது. பண மசோதாவில் இந்த அவைக்கு அத்தகைய அதிகாரம் கிடையாது. 14 நாட்களுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களுக்கு உரியது. அந்த நேரத்தில் பலர் ஊருக்கு விமானம் ஏறப் போய்விடுவார்கள், அவை காலியாகத் தெரியும். ஆனாலும் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று, அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமையில்தான் மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று அவையில் நிறைவேறி அப்போது பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மக்களவையில் அது சட்டமாகவில்லை; பின்னர் 2019இல் அரசு தன் சொந்த மசோதாவை நிறைவேற்றிக்கொண்டது. இருந்தாலும் அந்தப் பொருளை அரசு தட்டிக்கழிக்க முடியாத நிலைக்குக் கொண்டுவந்ததில் அந்த மாலைக்குப் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

தமிழில் பேசலாமா என்றும் கேட்டிருக்கிறார். பேசலாம். 2018 ஜூலை முதல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் உடனடி மொழிபெயர்ப்பு வசதி மாநிலங்களவையில் இருக்கிறது. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டால் போதும்.

தேர்வுக்குப் படிப்பவர் இதைப் புத்தகத்தோடு நிறுத்திவிட வேண்டாம். கூட்டத்தொடர் நடக்கும்போது பகல் 12 மணிக்கு சன்சத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அன்றைய பதில்களை மாநிலங்களவையின் இணையதளத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் முறை வரும் நாளில் மட்டும் தொடர்ந்து பார்த்தால் போதும். அச்சிட்ட பதிலில் எந்த விவரம் விடுபட்டிருக்கிறது என்று முதலில் நீங்களே குறித்துவைத்துக்கொண்டு, அதைத் துணைக் கேள்வியில் யாராவது பிடிக்கிறார்களா என்று கவனியுங்கள்.