பத்தடி ஹேமக்குக்கு எத்தனை அடி தார்ப்பாய்?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் 10 அடி ஹேமக், அதாவது இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டிப் படுக்கும் துணித் தொட்டில், இருக்கிறது. ஜூன் மழையில் மாமாவின் ரப்பர் தோட்டத்தில் கட்டிப் படுத்தபோது, மேலே 10க்கு 8 தார்ப்பாய் இருந்தும் கால்மாடு நனைந்துவிட்டதாம். அடுத்தது 12க்கு 10 போதுமா, இல்லை 15க்கு 12 வாங்கட்டுமா என்கிறார்.

தம்பி, 12க்கு 10 வாங்குங்கள். 12 அடி மரத்துக்கு மரம் ஓடட்டும், 10 அடி இரண்டு பக்கமும் சரியட்டும்.

ஹேமக்கைக் கட்டினால் தொய்வு விழும், அதனால் 10 அடித் துணியின் இரண்டு நுனிக்கும் நடுவில் எட்டேகால், எட்டரை அடிதான் இருக்கும். தார்ப்பாய் ஒவ்வொரு நுனியையும் தாண்டி ஒரு அடியாவது நீள வேண்டும், நம்ம ஊர்ச் சாரலுக்கு ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் பதினொன்றரை. உங்கள் பழைய பாய் 10 அடிதானே, அப்படியே பார்த்தாலும் சாரலுக்குக் குறைவு. ஆனால் அது 10 அடியே இருந்திருக்காது என்பதுதான் என் சந்தேகம்.

கடையில் சொல்லும் 10 அடி பெரும்பாலும் ஓரம் மடிப்பதற்கு முன்னால் வெட்டின அளவு. மடித்து, கயிறு கோக்கும் ரிங் அடித்த பிறகு நாலைந்து அங்குலம் போய்விடும், சிலதில் அரை அடியே போயிருக்கிறது. கேட்டால் "எல்லாக் கம்பெனியும் இப்படித்தான்" என்பார்கள். பொட்டலத்தில் சரியான அளவு போட வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் அடுக்கிலிருந்து உருவிக் கொடுக்கும் பாய்க்கு யார் வந்து டேப் பிடித்துப் பார்க்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை. நீங்களே கடையில் விரிக்கச் சொல்லி ரிங்கிலிருந்து ரிங் வரை அளந்து பாருங்கள். விரிக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஜிஎஸ்எம் கதையும் அப்படித்தான். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். 12க்கு 10 என்பது ஏறக்குறைய 11 சதுர மீட்டர், ஆக 200 ஜிஎஸ்எம் என்றால் பாய் 2 கிலோ 200 கிராமாவது இருக்க வேண்டும். தராசில் ஒன்றரைக் கிலோ காட்டினால் 200க்குக் காசு கொடுக்காதீர்கள். இணையத்தில் "ஹேமக், கொசுவலை, தார்ப்பாய் மொத்த செட்" என்று விற்பவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும், அந்தச் செட்டில் வரும் பாய் பல சமயம் நிழலுக்குத்தான் ஆகும்.

15க்கு 12 வேண்டாம். சதுரமாக நட்ட தோட்டத்தில் மரத்துக்கு மரம் 15, 16 அடிதான் இருக்கும், அதில் 15 அடிப் பாயை இழுத்துக்கட்ட இடம் ஏது? தொய்ந்து நடுவில் குளம் கட்டும், நள்ளிரவில் அது மொத்தமாக இறங்கும். அதையே ஆரல்வாய்மொழிப் பக்கம் கொண்டுபோனீர்கள் என்றால் காற்று பாய்மரமாக்கிவிடும், பக்கத்து முப்பந்தலில் காற்றாலை நிற்பது சும்மாவா.

சதுரப் பாயை மூலைக்கு மூலை கட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். கட்டலாம். 9க்கு 9 பாயின் மூலைவிட்டம் பன்னிரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேலே, ஓரம் மடித்ததில் போனதைக் கழித்தாலும் 12 அடி தேறும். நீளம் போதும், எடையும் குறைவு, ஜனவரி முதல் மார்ச் வரை பனிக்கு நானே அப்படித்தான் கட்டுகிறேன். ஆனால் அந்தக் கட்டில் நடுவயிற்றுக்கு மேல்தான் பாய் அகலம், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கூம்பிப் போகும், சாரல் நேராக அங்கேதான் நுழையும். இழுவை முழுக்க இரண்டு மூலை ரிங்கில் விழுவதால் மலிவுப் பாயாக இருந்தால் ரிங் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். 8க்கு 8 பாயில் இதையும் முயலாதீர்கள், ஓரம் போனால் 11 அடிகூடத் தேறாது. நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிறது, ஜூனிலும் அக்டோபரிலும் மூலைக்கட்டு கூடவே கூடாது.

இன்னொன்று, நனைந்தது பாயின் குற்றமாகவே இல்லாமலும் இருக்கலாம். மரத்தில் வழியும் தண்ணீர் ஹேமக்கை மரத்தில் கட்டும் நாடா வழியாக இறங்கி நேராக ஹேமக்குக்குள் வரும். பாய்க்கு அடியில், ஹேமக் நுனிக்கு ஒரு சாண் முன்னால், நாடாவில் ஒரு பருத்தி நூலைச் சுற்றி முடிந்து தொங்கவிடுங்கள், தண்ணீர் அதில் சொட்டிப் போய்விடும். நாடாவைப் பால் வெட்டும் பட்டையிலோ மழைக்கு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மேலோ கட்டாதீர்கள், மாமாவுக்கு நஷ்டம். தென்னையில் கட்டவே வேண்டாம், மட்டை விழும்.

தோட்டத்தை விட்டுக் காட்டுக்குள் போக ஆசை வந்தால், "பர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று காசு வாங்கும் ஆட்களை நம்பாதீர்கள். பிடித்தால் அபராதம் உங்களுக்குத்தான். வனத்துறை அலுவலகத்தில் நேரில் எழுதிக் கேளுங்கள், இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் அலைய வைப்பார்கள், எனக்கும் அதில் எரிச்சல்தான், ஆனாலும் கையில் தாள் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

பாய் வாங்கின அன்றைக்கே வெயிலில் கட்டி, மேலே ரெண்டு குடம் தண்ணீர், மரத்தில் ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள். உள்ளே ஒருவர் படுத்திருக்கட்டும், ஆள் ஏறினால்தான் தொய்வின் அளவு சரியாகத் தெரியும்.